நான் எழுத மறுத்த பெட்டிசம்

இங்கிலாந்து அரசியலைப் பற்றி நான் வாய் திறந்தால் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் ஒருவர் உடனே கேட்பார்: "நீங்கள் மொன்றியலிலை இருந்துகொண்டு லண்டன்காரற்றை வீட்டுப் பிரச்சினைக்குள்ளை ஏன் மூக்கை நுழைக்கிறியள்?" நல்ல கேள்விதான். நானும் நல்ல பதில்தான் சொல்வேன். அந்த லண்டன்காரர்கள் இலங்கையில் எங்கள் மன்னாரைக் கண்ணால் காணாமலே, கடலுக்கு அப்பால் இருந்தபடி எங்கள் முன்னோரை ஆண்டார்கள். நாங்கள் எந்தப் பாடம் படிக்க வேண்டும், எந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்க வேண்டும், தாங்கள் போகும்போது நாட்டை யார் கையில் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கே இருந்தே தீர்மானித்தார்கள். அவர்கள் ஆளலாம், நான் ஒரு கருத்துக்கூடச் சொல்லக் கூடாதோ? அந்த உரிமை எனக்கு முதுசமாக வந்தது. யாரும் எனக்குத் தர வேண்டியதில்லை.

அங்கே என் அண்ணை இருந்தார் என்பது இன்னொரு காரணம். எனக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். அப்பா மன்னார்க் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்து, நாங்கள் சிறுவர்களாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னைக் கொன்வென்டில் படிக்க வைத்தவர், கலியாணம் பேசியவர், போர் முற்றிய நேரத்தில் என்னையும் என் கணவரையும் கனடாவுக்கு ஏற்றி அனுப்பியவர் எல்லாம் அண்ணைதான். எங்களை அனுப்பிவிட்டுத்தான் அவர் அகதியாக லண்டனுக்குப் போனார். பல வருடங்கள் கழித்து என் கணவர் மாரடைப்பில் காலமானபோது முதல் விமானத்தில் ஏறி வந்து, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான். அண்ணைக்கு எதிர்க்கதை கதைப்பதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். நாற்பத்தேழு வயது வரை நானும் அந்த வழக்கத்தை மீறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் காலை பதினொரு மணியாகும்போது லண்டனில் பின்னேரம் நாலு மணி. அண்ணை அந்த நேரத்துக்குத்தான் எடுப்பார். மாதத்தின் நாலாவது ஞாயிறு மட்டும் ஒரு மணித்தியாலம் பிந்தும், ஏனென்றால் அன்று நாலு மணிக்கு அவருடைய பங்குக் கோவிலில் தமிழ்ப் பூசை. நான் அப்போது மொன்றியல் விமான நிலையம் இருக்கும் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் சமையற்கூடத்தில் வேலை செய்தேன். பின்னேரம் லண்டனுக்குப் போகும் விமானத்துக்குத் தட்டு அடுக்குவது பெரும்பாலும் எங்கள் வரிசைதான். "உன்ரை கையாலை அடுக்கின சோறு என்ரை தலைக்கு மேலாலை போகுது, எனக்குத்தான் ஒரு பிடி இல்லை" என்று அண்ணை சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு அந்தக் கிழமையின் ஏழு நாளுக்கும் போதும்.

ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு அரசியல் வரும். வந்தால் எனக்கு உடம்பு எரியும்.

ஈராக்கில் குண்டு போடப் போனபோது அண்ணை தன் பிரதமரின் பக்கம் நின்றார். லண்டன் தெருக்களில் ஊர் திரண்டு வேண்டாம் என்று நடந்தது. அந்த மனிதர் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு போனார். இல்லாத ஆயுதத்தைக் காட்டி ஒரு நாட்டை உடைத்தவரை மக்கள் திரும்பவும் தேர்தலில் வெல்ல வைத்தார்கள். குண்டு விழும் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்த நாங்கள் அதை ஆதரிக்கலாமா என்று கேட்க எனக்கு நா துடித்தது. "பெரிய ஆக்கள் யோசியாமல் செய்ய மாட்டினம்" என்றார் அண்ணை. நான் தொலைபேசிக் கம்பியை விரலில் சுருட்டினேன்.

பிறகு லண்டன் ரயிலிலும் பஸ்ஸிலும் குண்டு வெடித்தது. மண்ணிற முகத்தோடு முதுகில் பை கொழுவிக்கொண்டு போனவர்களை எல்லாரும் ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள். அண்ணை என்ன செய்தார் தெரியுமா? கழுத்தில் இருந்த சிலுவையைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அதை எனக்கு ஒரு கெட்டித்தனம்போலச் சொன்னார். "நாங்கள் அவங்கள் இல்லை எண்டு தெரியவேணும் எல்லே." எங்கள் ஊரில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் அவர். இப்போது சேசுவையே அடையாள அட்டை ஆக்கிவிட்டார்.

அடுத்த வருடம் ஒரு மூத்த அமைச்சர், தன்னைச் சந்திக்க வரும் முஸ்லிம் பெண்களை முகத்திரையை விலக்கச் சொல்லிக் கேட்பதாக எழுதினார். நாடே அதைப் பற்றிக் கதைத்தது. அண்ணைக்குக் கொண்டாட்டம். எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் கொன்வென்ட் சிஸ்டர்மார். மன்னார் வெயிலில் நெற்றியிலிருந்து கணுக்கால் வரை மூடிக்கொண்டு எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தார்கள். அவர்களிடம் யாரும் எதையும் விலக்கச் சொன்னதில்லை. அந்த அமைச்சருக்கு முன்னால் இருந்த பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டிருக்கலாம். வீடு ஒழுகுகிறதா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லையா என்று. அதற்குத்தானே அவரை மக்கள் அனுப்பியது? இதுதான் என் கருத்து. அன்றும் இதுதான், இன்றும் இதுதான்.

இதையெல்லாம் நான் அண்ணையிடம் சொல்லவில்லை. தட்டு அடுக்கும்போது மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். கையுறையோடு பாணையும் வெண்ணெயையும் வைத்தபடி, அந்த நாட்டுப் பாராளுமன்றம் முழுவதற்கும் நான் பதில் சொல்லி முடித்திருப்பேன்.

போலந்துக்காரர் வந்த பிறகுதான் விஷயம் என் தலைக்கு மேல் ஏறியது. ஐரோப்பாவின் கிழக்குப் பக்க நாடுகளுக்குக் கதவு திறந்ததும் அவர்கள் வேலை தேடி லண்டனுக்குப் பெருவாரியாக வந்தார்கள். குழாய் பூட்டினார்கள், சுவர் கட்டினார்கள், வயோதிபரைக் குளிப்பாட்டினார்கள். கத்தோலிக்கர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் வந்தார்கள். அண்ணையின் கோவிலில் உட்காரும் வாங்குகள் எல்லாம் நிறைந்து, வாசலுக்கு வெளியே மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்களாம். அங்கிருந்த ஆங்கிலேயப் பாதிரியார், பங்குச் சுவாமி, தமிழர்களைக் கூப்பிட்டு, மாதத்தில் ஒருமுறை நடக்கும் உங்கள் பூசையைச் சனிக்கிழமை பின்னேரத்துக்கு மாற்ற முடியுமா, ஞாயிறு நாலு மணியை ஒவ்வொரு கிழமையும் போலந்து மொழிப் பூசைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

அண்ணை கொதித்துப் போனார். பதினைந்து வருடமாக இருந்த நேரம். அவர்தான் ஓடித் திரிந்து அதை வாங்கியவர். எனக்கும் அது நோகத்தான் செய்தது. நோகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அண்ணைக்கு நோவு மட்டும் இல்லை.

"நாங்கள் பிரித்தானியப் பிரசைகள். சோதினை எழுதி, சத்தியம் செய்து வந்தனாங்கள். இவங்கள் பஸ்ஸிலை ஏறி நேற்று வந்தவங்கள். நாடு தாங்காது பிள்ளை. ஆர் வாறது ஆர் போறது எண்டு ஒரு கணக்கில்லை."

அந்த வசனத்தை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று யோசித்தேன். எங்கேயோ என்ன, அந்த நாட்டுப் பத்திரிகைகள் முன்பக்கத்தில் எங்களைப் பற்றி எழுதியதுதான் அது. அண்ணையைப் பற்றி, அவரோடு லொறியில் ஒளிந்து போனவர்களைப் பற்றி எழுதியது. ஒரு சொல் மாறவில்லை.

அதே வருடம் அவருடைய பகுதியில் வெள்ளை இனவாதக் கட்சி ஒன்று உள்ளூராட்சித் தேர்தலில் ஆசனங்கள் பிடித்தது. வீட்டு வாசலில் துண்டுப் பிரசுரம் போட்டிருந்தார்களாம். அண்ணை அதை எனக்கு வாசித்துக் காட்டினார். "முழுக்கப் பிழை எண்டும் சொல்லேலாது" என்றார்.

"அண்ணை, அது உங்களையும்தானே போகச் சொல்லுது?"

"எங்களை இல்லை. புதுசா வந்தவங்களை."

ஆறு கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார் என்று சும்மாவா சொன்னார்கள். அந்தக் கட்சிக்காரன் தெருவில் அண்ணையைக் கண்டால் வந்த ஆண்டைக் கேட்டுவிட்டா அடிக்கப் போகிறான்?

அதன் பிறகுதான் அந்தக் கோரிக்கை வந்தது. "ஆயருக்கு ஒரு பெட்டிசம் எழுதவேணும். உன்னை மாதிரி ஆர் எழுதுறது? நல்ல இங்கிலீசிலை, காரமா எழுதித் தா. எல்லாரும் கையெழுத்து வைப்பினம்."

பெட்டிசம் என்றால் மேலிடத்துக்கு எழுதும் முறைப்பாடு. அது எங்கள் ஊரின் கைத்தொழில் என்றே சொல்லலாம். புது வாத்தியார் வந்து ஆறு மாதத்தில் கல்விக் கந்தோருக்கு ஒரு பெட்டிசம் போகாவிட்டால் அந்த ஊரில் படித்தவர் இல்லை என்று அர்த்தம். சுவாமி பிரசங்கத்தை நீட்டினால் பிஷப்பாகிய ஆயருக்குப் போகும். அடியில் "உண்மை விரும்பி" என்றோ "ஊர் நலன் விரும்புவோர்" என்றோ இருக்கும், பெயர் இருக்காது. கச்சேரியில் வந்து குவியும் அந்தக் கடிதங்களை வாசித்துப் பிரிப்பதுதான் அப்பாவின் வேலை. ஒரு பெட்டிசத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு எரிச்சல் என்று இரண்டாவது வரியிலேயே தெரியும் என்பார். எனக்கு அவருடைய கை வாய்த்திருந்தது. மொன்றியலில் வீட்டுக்காரன் குளிருக்குச் சூடு போடவில்லை என்றாலும், குடிவரவுக் கந்தோர் ஒருவரின் கோப்பைத் தொலைத்தாலும், எங்கள் ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். அண்ணையை லண்டனில் இருந்து திருப்பி அனுப்பப் பார்த்தபோது, அந்த நாட்டு அரசுக்குப் போன விண்ணப்பத்தையும் நான்தான் எழுதினேன். இந்த மனிதரைத் திருப்பி அனுப்பி உங்கள் நாடு எதையும் காப்பாற்றிக்கொள்ளப் போவதில்லை என்று ஒரு வரி அதில் இருந்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். போலந்துக்காரர் கோவில் வளவுக்குள் குடிக்கிறார்கள் என்று எழுதச் சொன்னார். வாகனங்களைக் குறுக்கே விடுகிறார்கள், சத்தம் போடுகிறார்கள், ஒரு வீட்டுக்குள் பத்துப்பேர் இருக்கிறார்கள், நிலையாக இருக்கப் போகிறவர்கள் இல்லை, ஆகவே அவர்களை வேறு பங்குக் கோவிலுக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

"குடிச்சதை நீங்கள் கண்டனீங்களோ?"

"எல்லாரும் சொல்லுகினம்."

பேனையை வைத்துவிட்டேன். எனக்கு அந்தக் கடிதம் தெரியும். அதன் மறுபக்கத்தில் நான் நின்றிருக்கிறேன்.

எங்கள் மொன்றியல் கோவில் பிரெஞ்சு பேசும் கியூபெக்காரரின் பழைய கோவில். ஆயிரம் பேர் இருக்கக்கூடிய இடத்தில் முப்பது கிழவர்கள் இருந்து செபம் சொன்ன காலத்தில் எங்களுக்குப் பின்னேரப் பூசைக்கு இடம் கிடைத்தது. பூசைக்குப் பிறகு கீழ் மண்டபத்தில் சாப்பாடு. ஒரு நாள் பங்குச் சுவாமி, பங்குச் சபையில் இருந்த என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை வாசித்தார். பிரெஞ்சில் இருந்தது, பெயர் இல்லை. இவர்கள் மண்டபத்தை நாறடிக்கிறார்கள், பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள், ஒரு வாகனத்தில் எட்டுப்பேர் வந்து இறங்குகிறார்கள், இவர்கள் நிரந்தரமாக இருக்கப் போகிறவர்கள் இல்லை. என் பிரெஞ்சு அப்போது அரைகுறை. ஆனால் அந்தக் கடிதத்தில் எனக்கு விளங்காத சொல் ஒன்றுகூட இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் மேற்சட்டையை மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு என்னில் கோபம்.

அந்த மண்டபத்தின் திறப்புச் சாவி ஒரு கியூபெக் கிழவியிடம் இருந்தது. ஞாயிறு பின்னேரங்களில் அவரும் தோழிகளும் அங்கே சீட்டு விளையாடுவார்கள். அந்தக் கடிதத்தை எழுதியவர் அவர்தான் என்று எங்கள் பெண்கள் அடித்துச் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அடுத்த கிழமை அவர் வந்து, தங்கள் சீட்டாட்டத்தைச் செவ்வாய்க்கு மாற்றிவிட்டதாகச் சொல்லி, திறப்பின் பிரதி ஒன்றை என் கையில் வைத்தார். சிரிக்கவில்லை. எங்கள் கறியைப் பிடிக்கும் என்று பொய் சொல்லவில்லை. யன்னலைத் திறந்து வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்களை அவருக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இடம் விட்டார், அது போதும். அண்ணை பெட்டிசம் கேட்ட அந்தக் குளிர்காலம் முழுவதும் கியூபெக்கில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று தொலைக்காட்சியில் பெரிய மனிதர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். லண்டனிலும் அதே கத்தல்தான். இரண்டு இடத்துக்காரரையும் கூப்பிட்டு அந்தக் கிழவிக்கு முன்னால் இருத்த வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் எழுதினேன், எழுதாமல் விடவில்லை. ஆனால் என் கணக்குக்கு எழுதினேன். எங்கள் மக்களில் பலர் சனிக்கிழமை வேலைக்குப் போகிறவர்கள், மாதத்தில் ஒரு ஞாயிறாவது எங்கள் மொழியில் பூசை காண விரும்புகிறோம், போலந்துச் சகோதரரோடு பேசி ஒரு ஒழுங்குக்கு வரத் தயாராக இருக்கிறோம் என்று ஒரு பக்கம். அவர்களைப் பற்றிக் குறையாக ஒரு வரி இல்லை. தொலைநகலில் அனுப்பினேன். அண்ணை அன்றைக்கே எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

"இதென்ன, கலியாண அழைப்பிதழோ? காரம் எங்கை?"

"காரம் போட்டால் அது பொய்யாப் போயிடும் அண்ணை."

"நான் உன்னட்டை அபிப்பிராயம் கேக்கேல்லை. எழுதித் தா எண்டுதான் கேட்டனான்."

"எழுத மாட்டன்."

நாற்பத்தேழு வருடத்தில் அவர் கேட்காத சொல் அது. எனக்கும் என் வாயில் அது புதிதாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு யன்னலைத் திறந்துவிட்டதுபோல இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

"அப்ப உன்ரை மகளின்ரை கலியாணத்துக்கு ஆரையும் பிடி" என்று சொல்லி அண்ணை வைத்துவிட்டார்.

அது சும்மா சொல் இல்லை. அந்த வருடம் யூலை மாதத்தில் என் ஒரே மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகி இருந்தது. தகப்பன் இல்லாத பெண்ணை வாசலிலிருந்து பீடம் வரை கைபிடித்துக் கூட்டிப் போக வேண்டியவர் தாய்மாமன். எங்கள் ஆட்களுக்குள் அதில் கேள்வியே கிடையாது. விதவைத் தாய் முன் வாங்கில் ஒரு ஓரமாக இருப்பாள், கண்ணைத் துடைப்பாள், அவ்வளவுதான். மாமன் வரவில்லை என்றால் மண்டபம் முழுவதும் ஒரே கேள்விதான் கேட்கும். அதோடு, அது அண்ணை. அவரை விட்டால் என் சின்ன வயதை அறிந்த ஒரு உயிர் இந்த உலகத்தில் எனக்கு இல்லை. ஒரு பக்கக் கடிதத்துக்காக அவரை இழக்கப் போகிறேனா என்று டோர்வலில் தட்டு அடுக்கும்போது ஒவ்வொரு நாளும் என்னையே கேட்டேன். இரண்டு தடவை பேனையையும் எடுத்தேன். "குடிக்கிறார்கள்" என்ற சொல்லுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் பல போயின. பதினொரு மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. பிறகு, கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, அண்ணி எடுத்துத் தாங்கள் வருவதாகச் சொன்னார். அண்ணை கோபத்தை விட்டுவிட்டார் என்று நான் நம்பினேன். அன்றைக்கு வேலையில் என் தட்டுகள் பறந்தன.

கலியாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் வந்து இறங்கினார். நண்டுக்கறி வைத்திருந்தேன், அவருக்குப் பிடித்த உறைப்போடு. விரலைச் சூப்பிக்கொண்டே சொன்னார்:

"பெட்டிசம் வென்றிட்டுது பிள்ளை. எங்கடை கணக்காளர் ஒராள் எழுதித் தந்தவர். நல்ல காரம். ஆயர் இல்லத்திலையிருந்து பதில் வந்திட்டுது. இனி அவங்கள் ரெண்டு பஸ் மாறிப் போகவேணும், வேறை பங்குக்கு. நாலு மணி எங்களுக்குத்தான்."

"குடிக்கிறாங்கள் எண்டும் எழுதினதோ?"

"பின்னை? அதுதானே முக்கியம்."

கலியாணத்துக்கு வந்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார். நான் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கோபித்துக்கொண்டு வராமல் விட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நொந்திருக்காது. இவர் சமாதானத்துக்கு வரவில்லை. வென்றுவிட்டு வந்திருந்தார்.

பிறகு மகளின் அறைக்குப் போனேன். பக்கத்து நகரான லொங்குய்யில் கந்தோர் வேலை செய்யும் பிள்ளை, எதையும் பட்டென்று பேசுவாள். கட்டிலில் சேலையைப் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு மாமா உன்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் நான் கூட்டிக்கொண்டு போனால் உனக்கு வெட்கமாக இருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். பாதி கேட்பதற்குள் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கள்தானே வாறீங்கள்? அதை எப்பவோ சுவாமியின்ரை ஃபோமிலை எழுதிக் குடுத்திட்டன். ஆர் கூட்டிக்கொண்டு வாறது எண்ட இடத்திலை, அம்மா எண்டு."

"மாமா?"

"மாமா பாவம், வருசத்திலை ஒருக்கா எனக்குப் போன் எடுத்து என்ன படிக்கிறாய் எண்டு கேப்பார். நான் வேலை செய்யத் தொடங்கி ஆறு வருசம். அம்மா, நீங்கள் ஏன் அழுறீங்கள்?"

நான் ஐந்து மாதமாக நெஞ்சுக்குள் சுமந்த மலையை அவள் ஒரு ஃபோமில் பேனையால் தட்டிவிட்டிருந்தாள். கேட்டிருக்கலாம். கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை கோவில் வாசலில் அண்ணை கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்றார். மகள் காரை விட்டு இறங்கியதும் முழங்கையை மடித்து நீட்டினார். உள்ளே ஓர்கன் தொடங்கிவிட்டது.

"அண்ணை, நீங்கள் முன் வாங்கிலை போய் இருங்கோ. உங்களுக்கு இடம் வைச்சிருக்கு. பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு வாறன்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"ஆக்களுக்கு நான் பதில் சொல்லுறன்."

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கக் கதவால் உள்ளே போனார். நாங்கள் நடந்தோம். வாங்குகளில் தலைகள் திரும்பின, ஒருவருக்கொருவர் குசுகுசுத்தார்கள். ஆனால் நான் ஒரு முகத்தையும் பார்க்காமல் விடவில்லை. என்னைப் பார்த்தவர்களை எல்லாம் நானும் பார்த்துக்கொண்டே பீடம் வரை போனேன்.

மண்டபத்தில் சாப்பாடு தொடங்கிய பிறகு அண்ணை என்னைக் கதவுக்கு வெளியே கூப்பிட்டார். வாகனத் தரிப்பிடத்தில் நல்ல வெயில். அவருடைய கண் சிவந்திருந்தது.

"என்னை அவமானப்படுத்திப்போட்டாய்."

அண்ணை கழுத்துப்பட்டியை இழுத்துத் தளர்த்தினார்.

"அது எனக்கெண்டு இருந்த இடம். அங்கை அவங்கள் என்ரை நாலு மணியை எடுக்கப் பாத்தாங்கள். இஞ்சை நீ என்ரை மருமகளை எடுத்துப்போட்டாய். ரெண்டும் ஒண்டுதான்."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அவருக்கென்று இருந்ததை நான் எடுத்தேன். அது வலிக்கும் என்று தெரிந்துதான் எடுத்தேன். என்னைக் கொன்வென்டுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போன கை அது. அதைத் தொட வேண்டும்போல இருந்தது. தொட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

"ஒண்டில்லை அண்ணை" என்றேன். "நான் உங்களுக்கு முன் வாங்கு வைச்சனான். நீங்கள் அவைக்கு ஒரு வாங்கும் வைக்கேல்லை."

அண்ணை மண்டபத்துக்குள் போய், தன் இடத்தில் இருந்து, போட்டதைச் சாப்பிட்டார். இரண்டு நாள் கழித்து டோர்வலில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். "போட்டு வாறன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு மணிக்கு நான் வெளியே போவதில்லை. தொலைபேசி அடித்தால் முதல் சத்தத்திலேயே எடுப்பேன். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன்.